ஐந்து லிட்டர் ஸ்பிரேயருக்கு ஏழு புள்ளி

வாங்கின பொருளுக்கு நட்சத்திரம் போட்டு எனக்குப் பழக்கமில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருசம் துணி செக்கிங்கில் இருந்தவள் நான். அங்கே நல்லதுக்கு மார்க் கிடையாது, பழுதுக்குத்தான் புள்ளி. லைட் போட்ட மேசை மேல் ரோல் ஓடும். பழுது 3 அங்குலத்துக்குள் இருந்தால் ஒரு புள்ளி, 6 வரைக்கும் இரண்டு, 9 வரைக்கும் மூன்று, அதைத் தாண்டினால் நான்கு. ஒரு அங்குலத்துக்கு மேல் ஓட்டை என்றால் யோசிக்கவே வேண்டாம், நான்கு. 100 சதுர கஜத்துக்கு 40 புள்ளிக்கு மேல் போனால் ரோல் திரும்பிப் போகும். வேலையை விட்டு நாலு வருசம் ஆகியும் வீட்டுக்கு எது வந்தாலும் மனசு அந்தக் கணக்கைத்தான் போடுகிறது. மிக்ஸிக்குப் போட்டேன். மருமகள் எடுத்துக் கொடுத்த புடவைக்கும் போட்டேன், அவளிடம் சொல்லவில்லை.

இப்போது எழுதுவது தோளில் மாட்டிக்கொண்டு அடிக்கிற ஐந்து லிட்டர் பிரஷர் ஸ்பிரேயரைப் பற்றி. ஏழு மாதம் வைத்துப் புழங்கியாயிற்று. என் கணக்கில் ஏழு புள்ளி. அதாவது பாஸ். எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை, ஏனென்றால் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் மூன்றாம் வாரமே நனைந்து உரிந்துவிட்டது. இதே உருவத்தில், இதே நிறத்தில் வேறு வேறு பெயர் போட்டு வருகிறது. பார்த்து வாங்க வேண்டியது பெயரை இல்லை, நாசிலை, அதாவது தண்ணீர் தெளிக்கிற முனையை. அதை ஏன் சொல்கிறேன் என்றால் கொஞ்சம் கதை சொல்ல வேண்டும்.

எங்கள் மொட்டை மாடியில் ரோஜா ஆறு தொட்டி, கத்தரி, வெண்டை, கம்பியில் படர்த்திய ஒரு அவரை. கீழே ஹாலில் ஏசிக்குப் பக்கத்தில் அழகுக்கு வைத்த ஆளுயரப் பனை வகைச் செடி, அரிகா பாம் ஒன்று. போன பங்குனியில் ரோஜா இலைகள் மேலெல்லாம் ராகி மாவைத் தூவிய மாதிரி வெளிர்ப் புள்ளிகள் வந்தன. தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று இரண்டு வேளை ஊற்றினேன். அப்புறம் கொழுந்துக்கும் மொட்டுக்கும் நடுவே மெல்லிசாக நூல் தெரிந்தது. எங்கள் தெருவில் மூன்று வீட்டில் ஓவர்லாக் மிஷின் ஓடுகிறது. பஞ்சு பறக்காத நாள் கிடையாது. துவைத்துக் காயப்போட்ட துணியிலேயே பஞ்சு ஒட்டும். இதுவும் பஞ்சுதான் என்று விரலால் வழித்து விட்டுவிட்டேன். பத்து நாள் அப்படியே போனது. செக்கிங்கில் இருந்தவள் நூலுக்கும் பஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாமல் பத்து நாள் விட்டேன் என்பதை இங்கே எழுதும்போதே கூச்சமாகத்தான் இருக்கிறது.

சந்தேகம் வந்தது அரிகா பாமைப் பார்த்துத்தான். வீட்டுக்குள் ஏது பஞ்சு? இலையைத் திருப்பினேன். அடிப்பக்கம் முழுக்கத் தூசி படிந்த மாதிரி இருந்தது. ஊதினேன், பறக்கவில்லை. அலமாரியில் கிடந்த கவுன்டிங் கிளாஸை எடுத்துவந்தேன். துணியில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்று எண்ணுவதற்கு வைத்துக்கொள்வோமே, மூன்றாக மடங்கும் பித்தளைச் சட்டம், கீழே ஒரு அங்குலச் சதுரம், மேலே லென்ஸ், அது. வேலையிலிருந்த காலத்தில் சொந்தக் காசில் வாங்கியது.

இலையின் அடியைத் திருப்பி லென்ஸை வைத்தேன். முதலில் தெரிந்தது துணி மாதிரியே ஒரு பரப்பு. நரம்பு, நரம்புக்கு நடுவே பள்ளம். பள்ளத்தில் கண்ணாடி மணி போல உருண்டை உருண்டையாக முட்டைகள். பக்கத்தில் சட்டை கழற்றிப் போட்ட மாதிரி வெள்ளைத் தோல்கள். அவற்றுக்கு நடுவே ஒன்று நடந்தது. வைக்கோல் நிறம், இரண்டு விலாவிலும் ஒவ்வொரு கறுப்புப் பொட்டு, எட்டுக் கால். முழு வளர்த்தியானதே அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். ஒரு அங்குலச் சதுரத்துக்குள் எண்ண ஆரம்பித்தேன், பழக்க தோஷம். முப்பத்தேழு வரைக்கும் எண்ணிவிட்டுக் கிளாஸை மடக்கி வைத்துவிட்டேன். மாடிக்குப் போய் வெண்டை இலையைத் திருப்பினால் அங்கே அதே சாதி, ஆனால் செங்கல் நிறம்.

நர்சரி ஒன்றில் இலையைக் காட்டினேன். அங்கிருந்தவர் இலையின் மேல்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, வெள்ளை ஈக்கு அடிக்கிற இமிடாகுளோப்ரிட் பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டார். திருப்பிப் பார்க்கச் சொன்னேன், “எல்லாம் ஒண்ணுதானுங்க” என்றார். இரண்டு தடவை அடித்தேன். இரண்டு வாரத்தில் ரோஜாவில் மொட்டையே மூடுகிற அளவுக்கு வலை. பிறகுதான் புரிந்தது: இது பூச்சியே இல்லை, சிலந்தி வகையறா. ஆறு கால் பூச்சிக்கு உள்ள மருந்து இதை அசைக்காது. இதைத் தின்ன வருகிற குட்டிப் பொறிவண்டு போன்றவற்றைத்தான் கொல்லும். காவலுக்கு இருந்த நாயைக் கொன்றுவிட்டுத் திருடன் ஏன் வருகிறான் என்று உட்கார்ந்திருக்கிறேன் நான்.

கடைசியில் அண்ணனுக்கு போன் போட்டேன். பிறந்த வீடு ராசிபுரம் பக்கம், மரவள்ளிக் காடு. போட்டோவும் அனுப்பினேன்.

“அட, செம்பேனு அம்மிணி அது. நம்ம மரவள்ளியில மாசி பங்குனியில வருமே, அதேதான். நீ அப்ப எலை பறிச்சு ஆட்டுக்குப் போடறேன்னு திரிஞ்சவ, மறந்துட்டியா?”

“ரோஜாவுல இருக்கறது செகப்பாவே இல்லீங்ண்ணா.”

“நெறத்தப் பாக்காத. வலை கட்டுதா, எலை வெளுக்குதா, அதப் பாரு. எங்க மருந்தடிச்ச?”

“எலை மேலதான்.”

“மேல அடிச்சா அதுக்குக் குடை புடிச்ச மாதிரி. மழைக்கு ஒதுங்கி நிக்கறவனாட்ட அடியில சொகமா இருக்கும். கீழ இருந்து மேல அடி. வெறும் தண்ணியக் கூட அடி, ஆனா அடியில அடி.”

இந்த ஒரு பேச்சுதான் எனக்கு ஸ்பிரேயர் வாங்கக் கற்றுக் கொடுத்தது. அதுவரைக்கும் எந்த மருந்து, எத்தனை மில்லி என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். மருந்து இலையின் அடியைப் போய்த் தொடுகிறதா என்று யோசிக்கவில்லை.

வீட்டில் முதலில் இருந்தது இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கிற அரை லிட்டர் பாட்டில். அதில் ரோஜா இரண்டு தொட்டி அடிப்பதற்குள் ஆள்காட்டி விரல் மரத்துவிட்டது. பையன் பெங்களூரிலிருந்து ஆன்லைனில் இரண்டு லிட்டர் ஸ்பிரேயர் ஒன்றை அனுப்பினான். பார்க்க லட்சணமாக இருந்தது. மேலே கைப்பிடியை நாலு தடவை அமுக்கிவிட்டு டிரிகரை அழுத்தினால் பனி மாதிரி வரும். ஆனால் அதன் நாசில் நேர் எதிரே பார்க்கிறது, திரும்பாது. முழங்கால் உயரத் தொட்டியில் இருக்கிற இலைக்குக் கீழிருந்து அடிக்க வேண்டும் என்றால் பாட்டிலையே சாய்க்க வேண்டும். சாய்த்தால் உள்ளே உறிஞ்சுகிற குழாய் தண்ணீரை விட்டு மேலே வந்துவிடுகிறது. புஸ்ஸென்று காற்றுதான் வரும். ஒருநாள் பிடிவாதமாக ஆறு ரோஜாத் தொட்டியையும் தரையில் படுக்கவைத்து அடித்தேன். இலைக்கு அடியில் மருந்து பட்டது, உண்மை. கூடவே மாடி முச்சூடும் செம்மண். வீட்டுக்காரர் காப்பி டம்ளரோடு மேலே வந்தவர், ஒன்றும் சொல்லாமல் அப்படியே இறங்கிப் போய்விட்டார்.

மூன்றாம் வாரம் பம்ப்பின் உள்ளே ரப்பர் வாஷர் கிழிந்தது. ஸ்பேர் எங்கே கிடைக்கும் என்று கேட்டு அனுப்பினால், புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில். இலையின் அடிக்கு எட்டாததுக்கு நான்கு, சாய்த்தால் காற்று வருவதுக்கு நான்கு, வாஷருக்கு நான்கு, ஸ்பேர் இல்லாததுக்கு நான்கு. முழ நீளம் கூட இல்லாத சாமானுக்குப் பதினாறு புள்ளி. இப்போது துளசிக்குத் தண்ணீர் ஊற்றும் சொம்பாக இருக்கிறது.

இதற்கு நடுவே செம்பேனுக்கு வேப்பெண்ணெய் அடிக்கப் போய்ச் சோப்புக் கரைசலில் ஒரு கூத்து. வேப்பெண்ணெய் தண்ணீரோடு சேராது, சோப்பு போட்டால்தான் பால் மாதிரி கலக்கும். காதி சோப்பைச் சீவி ஊறவைத்து, போர்வெல் தண்ணீரில் கலக்கினேன். எங்கள் ஏரியா போர் தண்ணீர் சுத்தச் சப்பைத் தண்ணீர். பருப்பு வேகாது, குளித்தால் தலை சிக்காகும். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைப்பதற்குப் பதில் திரிந்த பால் போலத் திப்பி திப்பியாக மிதந்தது. மேலே எண்ணெய் தனியாக. அதை அப்படியே ஊற்றி அடித்ததில் நாசில் அடைத்தது. சப்பைத் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து கட்டியாகிவிடுகிறது. சட்டையில் நுரை வராததற்கும் இதே காரணம்தான், தெரிந்த விசயம்தான், இலைக்கு வந்தபோது மறந்துவிட்டேன். பைப்பில் வருகிற நல்ல தண்ணீர் எங்களுக்குத் தினமும் வராது. வருவது குடிக்கவும் சமைக்கவும். அதனால் இப்போது ஏசி அவுட்லெட்டில் ஒரு கடகால் வைத்திருக்கிறேன். அந்தத் தண்ணீரில் உப்பே இல்லை, சோப்பு பொங்கிக்கொண்டு கலக்கிறது. அரிகா பாமைக் காய வைத்துச் செம்பேனுக்கு வழி விட்டதே அந்த ஏசிக் காற்றுதான். அபராதம் கட்டுகிறது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, கடைக்கு வருகிறேன்.

சித்திரையில் ஒரு பிரதோசத்தன்று அவிநாசி போயிருந்தோம். அவிநாசியப்பரைக் கும்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது ஒரு கடை கண்ணில் பட்டது. போர்டில் வெயிலடித்துக் கடைப் பெயர் போய்விட்டது, “விவசாய உபகரணங்கள்” என்பது மட்டும் மிச்சம். வாசலில் மண்வெட்டிக் காம்பு, சொட்டுநீர்க் குழாய் உருளை, தொங்கவிட்ட தார்ப்பாய். உள்ளே முப்பது வயசுத் தம்பி ஒருவர்.

“வாங்கம்மா. மாடித் தோட்டமுங்களா?”

“எப்படிப்பா கண்டுபுடிச்ச?”

“காடு இருக்கறவங்க பதினாறு லிட்டர் டேங்கு கேப்பாங்க. நீங்க வந்ததும் சின்ன பாட்டிலத்தான் பாத்தீங்க.”

இலைக்கு அடியில் அடிக்க வேண்டும், செம்பேன் என்று சொன்னேன். பாட்டில் ரகங்களை அவரே ஒதுக்கிவைத்துவிட்டு, ஐந்து லிட்டரை இறக்கினார். தொட்டி தோளில் தொங்கும். அதிலிருந்து ஒரு ட்யூப், ட்யூபின் முனையில் டிரிகர், டிரிகரிலிருந்து ஒன்றரை அடி நீளத்துக்குக் கம்பிக் குழாய். குழாயின் நுனி ஒரு பக்கமாக வளைந்திருக்கிறது, அதன் மேல் பித்தளை நாசில். குழாயைத் திருப்பிப் பிடித்தால் நாசில் வானத்தைப் பார்க்கும். தொட்டி நிமிர்ந்தே இருக்கும், காற்றுப் பிடிக்கிற வேலையே இல்லை. அவ்வளவுதான் இதன் சூட்சுமம்.

“தண்ணி ஊத்தி அடிச்சுப் பாத்துட்டு வாங்குங்கம்மா” என்று அவரே இரண்டு லிட்டர் ஊற்றிக் கொடுத்தார். கடை வாசலில் நின்று இடது கையைக் கவிழ்த்து நீட்டினேன். குழாயைக் கைக்குக் கீழே விட்டு மேல்நோக்கி அடித்தேன். உள்ளங்கை முழுக்க நனைந்தது, புறங்கையில் ஒரு சொட்டு இல்லை. நாசிலைத் திருகினால் பனியாக இருந்தது ஊசிபோல ஒரே தாரையாக மாறியது. 780 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கூட ஒரு பாக்கெட்டில் வாஷர் இரண்டு, தனியாக இருபது ரூபாய்.

செம்பேனுக்கென்று உள்ள மருந்தையும் கேட்டேன். மருந்துக்கடை வேறு, ஆனால் தம்பிக்கு விசயம் தெரிந்திருந்தது. புரோபர்கைட், ஸ்பைரோமெசிஃபென், ஃபென்பைராக்சிமேட் என்று சிலந்திப் பேனுக்குத் தனியாகவே மருந்துகள் இருக்கின்றன. “ஆனா நீங்க வெண்டைக்காயை நாளைக்கே பறிச்சுப் பொரியல் வெப்பீங்க. அதுக்கெல்லாம் அடிச்சா இத்தனை நாள் பறிக்கக் கூடாதுன்னு கணக்கு இருக்குதுங்க. மொதல்ல தண்ணியில முடியுதான்னு பாருங்க” என்றார். விற்கிற இடத்தில் இருப்பவர் வாங்காதே என்று சொன்னது எனக்குப் பிடித்தது. அண்ணன் முன்பெல்லாம் மரவள்ளிக்கு டைக்கோஃபால் என்கிற செம்பேன் மருந்தைத்தான் அடிப்பார். 2023இல் மத்திய அரசு அதைத் தடை செய்துவிட்டது. ரோஜாவுக்கு நனையும் கந்தகம், அதாவது தண்ணீரில் கலக்குகிற கந்தகத் தூள், அடிக்கலாம் என்றும் அண்ணன் சொன்னார். நான் ஏற்கனவே வேப்பெண்ணெய் அடித்துவிட்டிருந்தேன். எண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் போட்டால் இலை கருகும். சித்திரை வெயிலில் தனியாகப் போட்டாலே கருகும். அதனால் விட்டுவிட்டேன்.

கடையைப் பற்றிக் குறை சொல்ல வேண்டுமென்றால், மத்தியானம் ஒன்றரைக்குச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கிறார்கள். உட்கார ஒரு ஸ்டூல் இல்லை. பில் கேட்டால்தான் போடுகிறார்கள்.

இனி அடித்த கதை. முதல் மூன்று நாள் மருந்தே இல்லை. விடியக்காலையில் வெறும் தண்ணீர், நாசிலைப் பாதி திருகி, பனிக்கும் தாரைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு. குழாயைச் செடிக்குள் நுழைத்து, நுனியை மேல்பக்கம் திருப்பி, கீழ்க்கிளையிலிருந்து ஆரம்பித்துக் கொழுந்து வரைக்கும். தண்ணீர் பட்டதும் வலை முதலில் முத்து கோத்த மாதிரி மின்னும், கண்ணுக்கே தெரியாமல் இருந்த நூலெல்லாம் அப்போதுதான் தெரியும். இரண்டாவது வீச்சில் அறுந்து தொங்கும். மூன்றாவதில் கழுவிக்கொண்டு போய்விடும். இடது கையால் இலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தாரை வேகத்தில் இலை திரும்பிக்கொண்டு மறுபடி குடை பிடிக்கும். முதல் நாள் எனக்கு அதுதான் நடந்தது.

அரிகா பாமைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போய் அங்கேயே நிறுத்தி அடித்தேன். ஒவ்வொரு கீற்றையும் ஈரத் துணியால் அடியிலிருந்து நுனிக்கு வழித்தேன். வெள்ளைச் சிங்கிள் ஜெர்சி பனியன் துணி பிட்டு ஒன்றை அதற்கு எடுத்திருந்தேன். வழித்து முடித்ததும் துணியில் துருக்கறை மாதிரி ஒரு கோடு. கம்பெனியாக இருந்தால் அந்தக் கோட்டுக்கே நான்கு போட்டிருப்பேன்.

மூன்று நாள் தண்ணீருக்குப் பிறகு அதே அளவு இலையில் கிளாஸை வைத்து எண்ணினேன். பதினொன்று. முட்டைகள் மட்டும் அப்படியே இருந்தன. அவை இலையோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன, தண்ணீருக்கு அசையவில்லை. அப்புறம்தான் எண்ணெய். 5 மில்லி செக்கு வேப்பெண்ணெய், அதில் பாதி அளவு திரவ சோப்பு, இரண்டையும் ஒரு டம்ளரில் போட்டுக் குச்சியால் வெளுக்கும் வரைக்கும் அடித்துவிட்டு, அதற்கப்புறம் ஏசித் தண்ணீர் ஒரு லிட்டர். இந்த வரிசை முக்கியம். தண்ணீரில் எண்ணெயைச் சொட்டினால் கடைசி வரைக்கும் கலக்காது, தொட்டியின் அடியிலிருந்து முதலில் வெறும் சோப்புத் தண்ணீரும் கடைசியில் வெறும் எண்ணெயும் வரும். ஒரு கிளையில் மட்டும் அடித்து ஒருநாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மற்றதுக்கு அடித்தேன்.

பொழுதோட, வெயில் தாழ்ந்த பிறகுதான் அடிக்க வேண்டும். எனக்கு இது தெரியாமல் இல்லை. ஒருநாள் மத்தியானம் கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது, அவசரமாகப் பதினோரு மணிக்கே அவரைக்கு அடித்துவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் பாதிக் கொடி அப்பளம் பொரித்த மாதிரி. அது செம்பேன் செய்தது இல்லை, ஸ்பிரேயர் செய்ததும் இல்லை. அந்தப் புள்ளி என் கணக்கில்.

ஐந்து நாளுக்கு ஒருமுறை, நாலு தடவை. நடுவில் விடக் கூடாது. எங்கள் ஊர் சித்திரைச் சூட்டில் முட்டை மூன்று நாளில் பொரிந்துவிடும், ஒரு வாரம் பத்து நாளில் அதுவே வளர்ந்து முட்டை போடும். அதற்குள் அடுத்த அடி விழ வேண்டும். இரண்டாவது அடிக்குப் பிறகு நாலு எண்ணினேன். நாலாவதுக்குப் பிறகு காலியான முட்டை ஓடுகளும் தோல்களும்தான். ரோஜாவில் இரண்டு தொட்டி மொத்த இலையையும் கொட்டிவிட்டு ஆனியில் புதுசாகத் துளிர்த்தன. ஒரு கத்தரிச் செடி தேறவில்லை, பிடுங்கி ப்ளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டேன்.

ஆடிக் காற்றில் மறுபடி கொஞ்சம் வந்தது. நூலைப் பிடித்துக்கொண்டு காற்றோடு பறந்து வருமாம், பக்கத்து மாடியிலிருந்து வந்திருக்கலாம். இந்த முறை மூன்றாம் நாளே கிளாஸில் பிடித்துவிட்டேன். வெறும் தண்ணீரோடு முடிந்தது. அன்றைக்கு ஒரு இலையில் குண்டூசித் தலை அளவுகூட இல்லாத கறுப்புப் பொறிவண்டு ஒன்று செம்பேனைத் தின்றுகொண்டிருந்தது. அந்தச் செடிக்கு அடிக்காமல் விட்டேன்.

ஏழு புள்ளிக் கணக்கு இதுதான். தோள் பட்டையின் கொக்கி வழுக்குகிறது, படியேறும்போது தொட்டி முழங்காலில் இடிக்கும்: ஒன்று. அளவுக் கோடுகள் தொட்டியின் நிறத்திலேயே புடைப்பாக இருக்கின்றன, பொழுது சாய்ந்தால் தெரியாது; நான் நகப்பாலீஷில் கோடு போட்டுக்கொண்டேன்: ஒன்று. டிரிகரும் குழாயும் சேருகிற மரையில் சொட்டுகிறது, வெள்ளை டேப் சுற்றி, வாஷர் மாற்றினேன், இப்போது நின்றிருக்கிறது: இரண்டு. தண்ணீர் ஊற்றுகிற தொட்டி வாய்க்கு வடிகட்டி கிடையாது. இதுதான் பெரிய பழுது. ஒரு துரும்பு போனாலும் நாசிலின் சின்ன ஓட்டை அடைத்துக்கொள்ளும். குண்டூசி போட்டுக் குத்தினால் ஓட்டை அகலமாகிவிடும், அப்புறம் பனி வராது, சொட்டுத்தான் வரும். கழற்றி வெந்நீரில் ஊறவைத்து வாயால் ஊத வேண்டியிருக்கிறது. பழைய பனியன் துணியை இரண்டாக மடித்து ரப்பர் பேண்ட் போட்டுத் தொட்டி வாயில் கட்டி, அதன் வழியாகத்தான் இப்போது ஊற்றுகிறேன். அதற்கு மூன்று.

கனத்துக்குப் புள்ளி போடவில்லை. ஐந்து லிட்டர் நிரப்பினால் என்னால் மாடிப்படி ஏற முடியாது, அது என் தோளின் பழுது. மூன்று லிட்டர்தான் ஊற்றுகிறேன், எப்படியும் உள்ளே காற்றுக்கு இடம் வேண்டும். மூன்று லிட்டர் எங்கள் மாடிக்குத் தாராளம். திறக்கும் முன் பக்கத்திலிருக்கிற சின்ன வால்வை இழுத்துக் காற்றை விட்டுவிட வேண்டும். ஒருதடவை விடாமல் திருகியதில் மூடி கையை விட்டு எகிறியது, நெற்றிப் பொட்டு தப்பியது.

பக்கத்து வீட்டு அக்கா போன வாரம் இரவல் கேட்டார். எதற்கு என்றேன். காலி மனையில் புல்லுக்குக் களைக்கொல்லி அடிக்க வேண்டுமாம். களைக்கொல்லி ஒருதடவை உள்ளே போனால் எத்தனை கழுவினாலும் தொட்டியில் கொஞ்சம் நிற்கும், அடுத்து ரோஜாவுக்கு அடித்தால் ரோஜா போகும். கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அக்கா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே அவிநாசிக் கடைக்கு எப்படிப் போவது என்று கேட்டு வந்தார். மத்தியானம் போகாதீங்கக்கா, நாலு மணிக்கு மேல போங்க, போனா எனக்கும் ரெண்டு வாஷர் வாங்கிட்டு வாங்க என்று இருபது ரூபாய் கொடுத்தனுப்பினேன்.